ஃபார்மட் அடிப்பதற்கு முன்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிற எல்லா மெஷினுக்கும் இரண்டே வியாதிதான். ஒன்று, வைரஸ். இன்னொன்று, ‘ஹார்ட் டிஸ்க் போயிருச்சு’. முதல் வியாதிக்கு மருந்து ஃபார்மட். இரண்டாவதற்குப் புது டிஸ்க், அதன் பிறகு ஃபார்மட். 2003இல் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊர் முழுக்க இந்த வைத்தியம்தான் நடந்துகொண்டிருந்தது. கஸ்டமரே படியேறி வரும்போது சொல்லிவிடுவார்: “தம்பி, சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. ஒரு ஃபார்மட் அடிச்சுக் குடுத்துரு. டி டிரைவுல மட்டும் கை வச்சிராத.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பக் கூடாது என்பது கடையில் முதலில் சொல்லித் தருகிற பாடம். டி டிரைவில் சினிமாப் பாட்டும் படமும்தான் இருக்கும். மகள் கல்யாணப் போட்டோ, பேங்க் லோனுக்குப் போட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பள்ளிக்கூடத்து மார்க் லிஸ்ட் எல்லாம் டெஸ்க்டாப்பிலும் மை டாகுமென்ட்ஸிலும் கிடக்கும். அவை இரண்டுமே சி டிரைவுக்குள் அடக்கம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. கேட்டால், “அது ஸ்கிரீன்லதான தம்பி இருக்கு” என்பார்கள்.

கடை முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். டிவி மெக்கானிக்காக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். மெஷினைப் பார்ப்பதற்கு முன்பே எக்ஸ்பி சிடியைக் கையில் எடுக்கிற பையனைக் கண்டால் அவருக்கு ஆகாது. “சிடி என்னடா சிடி. மொதல்ல மூடியக் கழட்டு. கரண்டப் போட்டு டிஸ்க்கு மேல கைய வச்சுப் பாரு, சுத்துதா?”

நல்ல டிஸ்க் சுற்றும்போது விரல்நுனியில் லேசான அதிர்வு தெரியும். ஆன் செய்ததும் ஒரு இரைச்சல் மெல்ல ஏறி நிலைப்பட்டு, உள்ளே ஹெட் இரண்டு மூன்று தடவை ‘கிர்க் கிர்க்’ என்று நகர்ந்து அடங்கும். அதிர்வே இல்லையென்றால் கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது டிஸ்க்கின் அடியிலுள்ள பச்சை போர்டு எரிந்திருக்கிறது. இரைச்சல் ஏறி ஏறி இறங்கினால் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம். மோட்டார் ஓடுவது மஞ்சள் வயரின் 12 வோல்ட்டில், போர்டு ஓடுவது சிவப்பு வயரின் 5 வோல்ட்டில். மல்டிமீட்டரை வைத்தால் மஞ்சள் 11.4க்குக் கீழே போகக் கூடாது. இதெல்லாம் இல்லாமல் ஒரே சீராக ‘டக்... டக்... டக்’ என்று உள்ளே தட்டிக்கொண்டிருந்தால் டிஸ்க் நிஜமாகவே முடிந்தது. அப்போது ஓ.எஸ். பேச்சை எடுக்கவே கூடாது. கரண்டை நிறுத்திவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது, அது எவ்வளவு முக்கியம் என்று கஸ்டமரிடம் கேட்க வேண்டும்.

அண்ணனின் கட்சி என்னவென்றால், ‘டிஸ்க்கைக் காணோம்’ என்று வருகிற மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அதற்குப் போகிற வழியில்தான் கோளாறு. ஐ.டி.இ. காலத்தில் அந்த வழி ஒரு சாம்பல் நிறப் பட்டைக் கேபிள். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. ஒன்றாம் பின் இருக்கிற பக்கம் அது. 80 வயர் கேபிள் வந்த பிறகு முனைகளுக்கே நிறம் கொடுத்துவிட்டார்கள்: நீலம் மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. ஆனால் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? எது எட்டுகிறதோ அதைச் செருகுவதுதான் நடைமுறை.

இதைவிடத் தொல்லை ஜம்பர். நகத்தில் பாதி அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு, உள்ளே ஒரு செம்புத் தகடு. டிஸ்க்கின் பின்பக்கம் பவர் சாக்கெட்டுக்கும் கேபிள் சாக்கெட்டுக்கும் நடுவில் நாலைந்து ஜோடிப் பின்கள் நிற்கும். ஜம்பர் எந்த ஜோடியில் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த டிஸ்க் மாஸ்டர், ஸ்லேவ், அல்லது கேபிள் செலக்ட். ஒரே கேபிளில் தொங்குகிற டிஸ்க்கும் சிடி டிரைவும் இரண்டுமே தன்னை மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டால் பயாஸ் இரண்டையும் கோட்டை விட்டுவிடும். ஒரு கம்பெனி டிஸ்க்கில் இன்னொரு நுணுக்கம்: தனியாக இருக்கும்போது ஒரு ஜம்பர் நிலை, ஸ்லேவோடு இருக்கும்போது வேறு நிலை. பக்கத்திலிருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதன் ஜம்பரை அப்படியே விட்டால், இல்லாத ஸ்லேவுக்காக அது காத்துக்கொண்டிருக்கும். திரையில் ‘பிரைமரி மாஸ்டர்: நன்’. ட்வீசரால் ஜம்பரை உருவினால் வேலை முடிந்தது.

இதற்குக் காசு கேட்டால் கஸ்டமர் முறைப்பார். “சும்மா ஒரு பிளாஸ்டிக்கப் புடுங்குனதுக்கா?” அதே மெஷினை ஒரு நாள் வைத்திருந்து ஃபார்மட் அடித்துக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் 300 ரூபாய் எடுத்து வைப்பார். ஊரில் ஃபார்மட் வளர்ந்ததற்கு வைரஸைவிட இந்தக் கூலிக் கணக்குதான் காரணம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு யாரும் காசு தருவதில்லை.

2005 வாக்கில் 160 ஜி.பி. டிஸ்க்குகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரத் தொடங்கின. பழைய எக்ஸ்பி சிடியைப் போட்டால் செட்டப் அதைச் சுமார் 1,31,000 எம்.பி. என்றுதான் காட்டும். “டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டீங்க” என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. டிஸ்க்கில் குறை இல்லை. அந்த எக்ஸ்பி, செக்டார்களுக்கு 28 பிட்டில் எண் கொடுத்துக்கொண்டிருந்தது. 28 பிட்டில் கிடைப்பது 26 கோடியே 84 லட்சத்துச் சொச்சம் எண்கள். ஒரு செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 137 ஜி.பி.யோடு எண்ணிக்கை தீர்ந்துபோகும். (1000ஆல் பெருக்குகிற கம்பெனிக் கணக்குக்கு 137, 1024ஆல் பெருக்குகிற விண்டோஸ் கணக்குக்கு 128. இந்தத் தகராறு தனி.) 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் 48 பிட்டுக்கு வழி செய்துவிட்டார்கள். புது சிடி போட்டால் முழு டிஸ்க்கும் தெரியும்.

தெரியாமல் இருப்பது ஒரு தொல்லை என்றால், எல்லையைத் தாண்டி ஏற்கெனவே ஃபைல்கள் நிரம்பிய டிஸ்க்கில் பழைய சிடியால் ரீஇன்ஸ்டால் செய்வது ஆபத்து. இருக்கிற தரவே நாசமாகலாம். அண்ணன் ஒரு நாள் கடையிலிருந்த சர்வீஸ் பேக் இல்லாத சிடிகளையெல்லாம் எடுத்து, எங்கள் கண்முன்னே ஒவ்வொன்றாக உடைத்துக் குப்பையில் போட்டார்.

பிறகு சாட்டா வந்தது. மெல்லிய சிவப்புக் கேபிள், ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க், மாஸ்டர் ஸ்லேவ் சண்டை கிடையாது. நிம்மதி என்று நினைத்தோம். 2007இல் லேப்டாப்புகள் விஸ்டாவோடு வர ஆரம்பித்தன. வாங்கிய கையோடு, “இது வேணாம், எக்ஸ்பி போட்டுக் குடுங்க” என்று கடைக்குக் கொண்டுவருவார்கள். சிடியைப் போடுவோம். நீலத் திரையின் அடியில் டிரைவர் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடும். எல்லாம் முடிந்து செட்டப் சொல்லும்: இந்தக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் எதையும் காணவில்லை, வெளியேற எஃப் 3. கொஞ்ச நேரம் முன்பு வரை விஸ்டா ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்! சில மெஷின்களில் அந்த மரியாதைகூடக் கிடையாது. நேராக ‘செவன் பி’ என்று முடிகிற எண்ணோடு நீலத் திரை வந்து நின்றுவிடும்.

காரணம் தெரிந்துவிட்டால் எளிது. சாட்டா கன்ட்ரோலர் ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் பேசுகிறது. 2001இல் வெளிவந்த எக்ஸ்பிக்கு அந்தப் பேச்சு புரியாது, சிடியில் அதற்கான டிரைவர் இல்லை. செட்டப் தொடங்கியதும் திரையின் அடியில் சில விநாடி ஒரு வரி தோன்றி மறையும்: டிரைவர் கொடுக்க வேண்டுமானால் எஃப் 6 அழுத்து. அழுத்தினால் டிரைவரை ஃபிளாப்பியில் கேட்கும். ஃபிளாப்பி டிரைவையே கழற்றியெறிந்துவிட்ட லேப்டாப்பிடம் ஃபிளாப்பி கேட்கிற செட்டப்பை என்ன செய்வது? ஒரு வழி, என்லைட் என்ற மென்பொருளால் டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்த்துப் புது சிடி எரிப்பது. இன்னொரு வழி, பயாஸுக்குள் போய் சாட்டா என்ற இடத்தில் ஏ.ஹெச்.சி.ஐ.யை எடுத்துவிட்டு ஐ.டி.இ. என்று வைப்பது. எக்ஸ்பிக்கு டிஸ்க் உடனே தெரியும். இரண்டாவது வழி ஒரு நிமிட வேலை என்பதால் தமிழ்நாட்டில் இருந்த எல்லா சர்வீஸ் பையன்களுக்கும் அது மனப்பாடம் ஆனது. இந்த மனப்பாடத்தால் விளைந்த ஒரு கூத்தைச் சிவகாசியில் பார்த்தேன்.

அதற்கு முன் தாய்லாந்து வெள்ளத்தைச் சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் பாங்காக்குக்கு வடக்கேயுள்ள தொழிற்பேட்டைகள் தண்ணீரில் மூழ்கின. ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் பெரும்பங்கு அந்த நாட்டில். சில வாரங்களில் ரிச்சி தெரு விலை இரண்டு மடங்கைத் தொட்டது. காலையில் கேட்ட ரேட் மாலையில் இருக்காது. ‘டிஸ்க் மாத்தணும்’ என்று சொல்வதற்கே வாய் கூசியது. அதனால் பழைய டிஸ்க்கை எம்.ஹெச்.டி.டி. என்ற மென்பொருள் போட்டு முழுக்கச் சோதித்துவிட்டுத்தான் எதுவும் சொல்வோம். கறுப்புத் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக டிஸ்க் முழுவதும் விரியும். சட்டென்று படிக்க முடிகிற இடம் சாம்பல், தயங்குகிற இடம் பச்சை, அதற்கு மேல் பழுப்பு, சிவப்பு. சிவப்பெல்லாம் டிஸ்க்கின் ஆரம்பத்தில் மட்டும் குவிந்திருந்தால், முதல் 10 ஜி.பி.யை எந்தப் பார்ட்டிஷனிலும் சேர்க்காமல் விட்டுவிட்டு அதற்கடுத்து சி டிரைவைத் தொடங்குவோம். நிரந்தரத் தீர்வு இல்லை என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார் அண்ணன். இன்னொன்றும் பார்ப்போம்: டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் பட்டியலில் 5ஆம், 197ஆம் எண்கள் ஏறினால் டிஸ்க்கின் பரப்பு கெடுகிறது. 199 மட்டும் ஏறினால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் தூக்கி எறியப்பட்ட நல்ல டிஸ்க்குகள் ஏராளமாக இருக்கும்.

2012இல் வெள்ள விலை முழுக்க இறங்காத நேரம். கூடவே மின்வெட்டு. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் இருக்காது. சிவகாசியில் ஒரு சின்ன அச்சகம், கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அடிக்கிற இடம். அங்கே ஒரு டி.டி.பி. மெஷின். அதில் விண்டோஸ் அடிக்கடி ‘அழிந்துபோகிறது’. உள்ளூர்ப் பையன்கள் வந்து எக்ஸ்பி போட்டுக் கொடுக்கிறார்கள், கொஞ்ச நாள் ஓடுகிறது, ஒரு நாள் காலையில் மறுபடி விழுந்துவிடுகிறது. கடைசியாக வந்தவர் டிஸ்க்தான் கோளாறு என்று அடித்துச் சொல்ல, அச்சக அண்ணாச்சி வயிறெரிந்து புது டிஸ்க்கும் வாங்கினார். புது டிஸ்க்கிலும் விண்டோஸ் அதே போல அழிந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் கடைக்குப் போன் வந்தது.

அச்சகத்துக்கு ஃபார்மட் என்பது மற்றவர்களுக்குப் போல இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகள். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். ஆளுக்கொரு இருக்கை ஏற்பாடு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஃபான்ட்டுகள் கிடப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள். ஃபார்மட்டில் அவை போய்விட்டால், டி டிரைவில் பத்திரமாக இருக்கிற பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும்போது மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக ஒரு வரி நிற்கும். டி.டி.பி. வேலை பார்த்த அக்கா ஒவ்வொரு ஃபார்மட்டுக்குப் பிறகும் பழைய சிடிகளைக் கிளறி ஃபான்ட் தேடி உட்கார்ந்திருக்கிறார். விண்டோஸ் 7க்கு அவர்கள் மாறாததற்கும் இதுவே காரணம். பேஜ்மேக்கரும் அந்தத் தமிழ் டைப்பிங் மென்பொருளும் எக்ஸ்பியில்தான் மக்கர் பண்ணாமல் ஓடின.

விருதுநகர் வழி பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். மெஷினை ஆன் செய்தால் எக்ஸ்பி சின்னம் வருகிறது, நீலமாக ஏதோ மின்னுகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடி அதே. எஃப் 8 அழுத்தி, கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது நீலத் திரை நின்றது. கீழே அதே செவன் பி. விண்டோஸ் எழுந்திருக்கிறது, ஆனால் தான் படுத்திருந்த டிஸ்க்கே அதற்குத் தெரியவில்லை.

“காலைல ஆன் பண்ணினதும் மொதல்ல என்ன வந்துச்சுக்கா?”

“கறுப்பா ரெண்டு மூணு வரி இங்கிலீஷ்ல வரும். எஃப் 2 அழுத்தினா போயிரும். முன்னாடி வந்த தம்பிதான் சொல்லிக் குடுத்துச்சு.”

“டெய்லி வருமா?”

“இல்ல. ராத்திரி கரண்டு போயி யூபிஎஸ்ஸும் தீந்து, காலைல வரைக்கும் செத்துக் கெடந்துச்சுன்னா வரும்.”

கையிலிருந்த உபுண்டு சிடியைப் போட்டேன். கனோனிக்கல் நிறுவனம் முன்பெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த சிடி. டிஸ்க்கில் எதையும் எழுதாமல், சிடியிலிருந்தே ஓடும். டி டிரைவ் திறந்தது, எல்லா ஃபைலும் இருந்தது. தேதிகளைப் பார்த்தால் விசித்திரம். ஆவணி முகூர்த்தத்துக்கு அடித்த பத்திரிகை, 2009 ஜனவரி 2ஆம் தேதி சேமித்ததாக இருக்கிறது. அதற்கு முந்தைய முகூர்த்தத்துப் பத்திரிகையும் 2009 ஜனவரி. மெஷின் திரும்பத் திரும்ப அதே புத்தாண்டுக்குப் போய்ப் போய் வந்திருக்கிறது.

அதற்கு மேல் தேட ஒன்றுமில்லை. மதர்போர்டில் ஒரு ரூபாய் அளவில் ஒரு செல் இருக்கும், சி.ஆர். 2032, 3 வோல்ட். கரண்ட் இருக்கும்வரை பயாஸ் தேதியையும் செட்டிங்கையும் போர்டே காப்பாற்றிக்கொள்ளும். கரண்ட் முழுக்கப் போனால்தான் செல்லுக்கு வேலை. தினம் அத்தனை மணி நேரம் வேலை வாங்கினால் அதுவும் என்ன செய்யும்? செல் தீர்ந்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. காலையில் ‘செட்டிங் கெட்டிருக்கிறது, எஃப் 2 அழுத்தினால் ஆரம்ப நிலைக்குப் போகிறேன்’ என்று கேட்கிறது. அக்கா அழுத்துகிறார். அந்த மெஷினின் ஆரம்ப நிலை ஏ.ஹெச்.சி.ஐ. எக்ஸ்பியோ ஐ.டி.இ.யில் வைத்துப் போடப்பட்டது. அதனால் செவன் பி.

இனிமேல்தான் கூத்து. வருகிற பையன் ‘விண்டோஸ் கரப்ட்’ என்று சிடியைப் போடுவான். செட்டப் ‘டிஸ்க்கைக் காணோம்’ என்று சொல்லும். மனப்பாடமாகத் தெரிந்த வேலைதானே? பயாஸுக்குள் போய் ஐ.டி.இ. என்று மாற்றுவான். அந்த நொடியே பழைய விண்டோஸ் ஃபான்ட்டோடும் பேஜ்மேக்கரோடும் எழுந்து வரத் தயாராக இருந்திருக்கும். ஆனால் டிரைவில் சிடி இருக்கிறது, அவன் கை நேராக ஃபார்மட்டுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் உயிரோடிருந்த விண்டோஸைத்தான் அழித்துவிட்டுப் புதிது போட்டிருக்கிறார்கள்.

சிடியை எடுத்துவிட்டு, ஐ.டி.இ.க்கு மாற்றி, எஃப் 10 அழுத்தினேன். எக்ஸ்பி வந்தது, டெஸ்க்டாப் வந்தது. அக்கா என்னைத் தள்ளாத குறையாக வந்து உட்கார்ந்து ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்தார். தமிழ் தமிழாகவே இருந்தது.

“அப்ப இத்தன நாளா அழிஞ்சது?”

“தானா எதுவும் அழியலக்கா.”

செல்லைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 2 வோல்ட்கூட இல்லை. பக்கத்து வாட்ச் கடையில் புதுசு 30 ரூபாய். போட்டு, தேதி சரிசெய்து, ஃபான்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். அண்ணாச்சி ‘போயிருச்சு’ என்று மூலையில் போட்டிருந்த பழைய டிஸ்க்கையும் கேட்டு வாங்கிச் சோதித்தேன். ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லை. அதை இரண்டாவது டிஸ்க்காக உள்ளே மாட்டி, பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணாச்சி புது டிஸ்க்கின் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒரு செல்லுக்கா தம்பி மதுரையிலருந்து வந்தீங்க?” என்றார். சர்வீஸ் சார்ஜில் 50 ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்.

அதே காலத்தில் அரசின் இலவச லேப்டாப்போடு பிளஸ் டூ பிள்ளைகள் வருவார்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். தொடக்கத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாட்டுக்கும் படத்துக்கும் இடம் போதவில்லை என்று பையன் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிடுவான். ஆனால் மெஷினை எழுப்பிவிடுகிற கிரப் அந்தப் பார்ட்டிஷனை நம்பித்தான் இருந்தது. அடுத்த தடவை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி. “சார், ஹார்ட் டிஸ்க் போயிருச்சு, வீட்ல தெரிஞ்சா அடிப்பாங்க.” விண்டோஸ் டிவிடியிலிருந்து கமாண்ட் பிராம்ப்ட் போய் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் என்று ஒரு வரி அடித்தால் சரியாகிவிடும். அந்தப் பிள்ளைகளிடம் அண்ணன் காசு வாங்கியதில்லை. சரிசெய்வதற்கு முன் கொஞ்ச நேரம் அவர்களை பயத்தில் உட்கார வைத்திருப்பார், அவ்வளவுதான்.

பிறகு ஜி.பி.டி. வந்தது. பார்ட்டிஷன் பட்டியலை டிஸ்க்கில் எழுதி வைக்கிற புது முறை இது. பழைய எம்.பி.ஆர். முறை 2 டி.பி.யோடு நின்றுவிடும். செட்டப் இப்போது டிஸ்க்கைக் காட்டும், ஆனால் ‘இந்த டிஸ்க்கில் போட முடியாது, இது வேறு முறையில் இருக்கிறது’ என்று மறுக்கும். உடனே டிஸ்க்பார்ட்டில் போய் கிளீன் என்று அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அது ‘நிச்சயமா?’ என்றுகூடக் கேட்காது. சி, டி எல்லாம் ஒரே நொடியில் போகும். பல நேரம் தேவையே இல்லாத வேலை அது. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவின் பெயர் இரண்டு தடவை இருக்கும், ஒன்று யூ.இ.எஃப்.ஐ. முன்னொட்டோடு, இன்னொன்று இல்லாமல். மற்றதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்தால் அதே செட்டப் அதே டிஸ்க்கை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

நான் கடையை விட்டு வந்து பல வருடமாகிவிட்டது. ஆனாலும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. கொரோனா அலைகள் ஓய்ந்த சமயம், கல்லூரியில் படிக்கிற அக்கா மகன் லேப்டாப்போடு வந்து நின்றான். ஏதோ அப்டேட் பாதியில் நின்று விண்டோஸ் எழவில்லை. தானே பென் டிரைவ் தயார் செய்து விண்டோஸ் 10 போடப் பார்த்திருக்கிறான்.

“ஹார்ட் டிஸ்க் போயிருச்சு மாமா. டிரைவே காட்ட மாட்டேங்குது.”

அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, விரல் நீளத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. சுற்றுகிறதா என்று கை வைத்துப் பார்க்க முடியாது. பயாஸில் போய்ப் பார்த்தால் 512 ஜி.பி. என்று பெயரோடு நிற்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸர். அதில் வி.எம்.டி. என்று ஒரு ஏற்பாடு எஸ்.எஸ்.டி.க்கும் விண்டோஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, விண்டோஸ் 10 செட்டப்பில் அதற்கு டிரைவர் இல்லை. ‘லோட் டிரைவர்’ என்று கேட்டுக்கொண்டு நின்றது திரை. இன்டெல் தருகிற டிரைவரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கினேன். அந்த ஃபைலின் பெயரில் எஃப் 6 என்பதும் ஃபிளாப்பியின் சுருக்கமும் அப்படியே இருந்தன. ஃபிளாப்பியைக் கண்ணால்கூடப் பார்த்திராத பையனிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரைவர் ஏறியதும் டிஸ்க் வந்தது, 476 ஜி.பி., அதன் கீழே பார்ட்டிஷன்கள். அவன் கை மவுஸுக்குப் போனது. பிடித்துக்கொண்டேன்.

“ப்ராஜெக்ட் எங்கடா வச்சிருக்க?”

“டெஸ்க்டாப்ல.”

கமாண்ட் பிராம்ப்ட்டில் போய்ப் பார்த்தால் சி டிரைவ் பூட்டியிருந்தது. இந்தக் காலத்து லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ளே நுழைந்தாலே பல நேரம் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவியை அந்த அக்கவுண்ட்டில் வைத்துவிடும். 48 இலக்கச் சாவி. அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவனுடைய அக்கவுண்ட்டில் தேடினால் இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வாங்கிய அன்று கடைக்காரர் மெயில் ஐடி கேட்டபோது அவசரத்துக்கு அவன் அம்மாவுடையதைக் கொடுத்திருக்கிறான். அக்காவுக்கு அந்த மெயிலின் பாஸ்வேர்டு தெரியாது, பாஸ்வேர்டை மாற்ற ஓ.டி.பி. வர வேண்டும், வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். மாடியிலிருந்து கத்திய ஆறு இலக்கத்தை இவன் கீழே அடித்தான்.

சாவி கிடைத்தது. ஆறாறு இலக்கமாக நான் படிக்க, அவன் அடிக்க, பூட்டு திறந்தது. ப்ராஜெக்ட் ஃபோல்டரைப் பென் டிரைவுக்கு மாற்றிய பிறகுதான் நெக்ஸ்ட் அழுத்த விட்டேன்.

“இந்தப் பூட்ட எடுத்துரலாமா மாமா?”

வேண்டாம் என்றேன். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் எடுத்தவன் டிஸ்க்கைக் கழற்றி எதையும் படிக்க முடியாது. புதிதாக விண்டோஸ் போட்டால் சாவியும் புதிதாக மாறும், இந்தத் தடவை உன் அக்கவுண்ட்டைக் கொடு, சாவியைப் பிரிண்ட் எடுத்து வை என்று சொன்னேன். மறுநாள் அக்காவே போன் செய்தார். ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாராம், நம்பரைப் பிரிண்ட் போட்டாயிற்றாம், ஆதார் கார்டு மாதிரி லேமினேட் பண்ணிவிடலாமா என்று கேட்டார். தாராளமாகப் பண்ணுங்கள் என்றேன்.